எந்த ஷிப்டுக்கும் தயாராக இருக்க வேண்டுமாம், சம்பளம் 12,000

பீளமேட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். கடை பெயர் வேண்டாம். ஊருக்குள் பல கிளை உள்ள கடை. காலை 9 முதல் மாலை 6 வரை என்று பேசித்தான் சேர்ந்தேன். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். அம்மாதான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு இருட்டினால் கண் சரியாகத் தெரியாது. இதையெல்லாம் இன்டர்வியூவிலேயே சொன்னேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றார்கள்.

இப்போது ரோஸ்டர் முந்தின நாள் இரவு பத்து மணிக்கு வாட்ஸப் குரூப்பில் வருகிறது. ஒரு நாள் காலை 7 மணிக்கு ஓப்பனிங். மறுநாள் மதியம் 1 மணிக்கு வந்து இரவு 10 மணிக்கு க்ளோசிங். க்ளோசிங் என்றால் பத்துக்கு யாரும் கிளம்ப முடியாது. கல்லாவை எண்ணி, ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை என்று நோட்டு வாரியாக எழுதி, கார்டு சிலிப்பும் யு.பி.ஐ. தொகையும் சிஸ்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது பத்தே முக்கால். பகலில் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் வந்து போகிறேன். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது, ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

என் வீக் ஆஃப் செவ்வாய்க்கிழமை. போன வாரம் செவ்வாய் காலையில் போன். "ரெண்டு பேர் வரலை, நீ வந்துடு, ஆஃபை வேற நாள் எடுத்துக்கோ." அந்த வேறு நாள் இன்னும் வரவில்லை.

சம்பளம் 12,000. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போகக் கைக்கு வருவது 10,470. நேற்று மேனேஜர் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். "நிர்வாகம் ஒதுக்கும் எந்த ஷிப்டிலும், எந்தக் கிளையிலும் பணிபுரியச் சம்மதிக்கிறேன்" என்று அச்சடித்திருக்கிறது. மற்றவர்களில் பலர் போட்டுவிட்டார்கள். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். வேலை போனால் வாடகை கட்ட முடியாது. ஆனால் இதற்கு மேல் என்னால் ஓடவும் முடியாது. எப்படிச் சொல்வது, எதுவரை விட்டுக்கொடுப்பது? இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


முன்னாள் ஃப்ளோர் இன்சார்ஜ்:

சகோதரி, பல வருடம் ரோஸ்டர் போட்டவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரோஸ்டர் போடுகிறவர் முதலில் நிரப்புவது சனி, ஞாயிறு மாலையையும் மாதத்தின் முதல் வாரத்தையும். அப்புறம் க்ளோசிங். ஹெட் ஆபீஸ் ஒரு கிளைக்கு இத்தனை பேர் என்று தலைக்கணக்குக் கொடுத்துவிடும். அதில் எப்போதும் இரண்டு மூன்று பேர் குறைவாகவே இருப்பார்கள். அந்த ஓட்டையை அடைப்பதுதான் மேனேஜருக்கு அன்றாடப் பாடு. யாரைக் கூப்பிட்டால் வருவார்கள் என்று ஒரு பட்டியல் அவர் மனதில் இருக்கும். முதல் ரிங்கிலேயே போனை எடுத்து "சரி சார்" என்று சொல்பவர் அதில் முதலில் இருப்பார். "எனக்கு இந்த நேரம் மட்டும்தான்" என்று ஆரம்பத்திலேயே சொல்லி, அந்த நேரத்துக்குத் தவறாமல் வருகிறவரை யாரும் இரண்டாவது முறை கேட்கமாட்டார்கள். கோபம் இருக்கலாம். ஆனால் கேட்கமாட்டார்கள், அடுத்த ஆளுக்குப் போன் போடுவார்கள். என் அனுபவத்தில் இதற்கு விதிவிலக்கு மிகக் குறைவு.

அதனால் ஒன்று சொல்கிறேன். காரணத்தைச் சொல்லாதீர்கள், நேரத்தைச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கண் தெரியாது என்று சொன்னால், "பக்கத்து வீட்டில் விடேன்", "உன் வீட்டுக்காரர் வரமாட்டாரா" என்று பேச்சு உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். நீங்கள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "மாலை 7 மணி வரை இருப்பேன், அதற்கு மேல் முடியாது" என்பதில் அவர்கள் பிடித்துப் பேச ஒன்றும் இல்லை.

இன்னொன்று, ஆஃப் நாளில் காலை எட்டு மணிக்குக் கடையிலிருந்து போன் வந்தால் எடுக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் "இன்று வார விடுமுறை, வெளியில் இருக்கிறேன், நாளை ஷிப்டுக்கு வருவேன்" என்று மெசேஜ் போடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், எழுத்திலும் இருக்கும்.


விளக்குத்தூண் சேல்ஸ்:

அண்ணன் சொல்வது சூப்பர் மார்க்கெட்டுக்குச் சரி. எங்களை மாதிரி ஜவுளிக்கடையில் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் கதை வேறு. மதுரையில் இருக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். தங்குகிற இடமும் கடையுடையது, சாப்பாடும் கடை மெஸ். காலை ஒன்பதரைக்கு ஃப்ளோரில் நிற்க வேண்டும், இரவு கடை சாத்திப் புடவையெல்லாம் மடித்து அடுக்கி முடிக்கப் பத்தரை. "வெளியில் இருக்கிறேன்" என்று சொல்ல முடியுமா? மாடியில்தான் படுத்திருக்கிறோம் என்று சூப்பர்வைசருக்கே தெரியும். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்றால் வீக் ஆஃப் என்ற பேச்சே கிடையாது.

தனி ஆளாகப் போய்க் கேட்டால் அடுத்த வாரமே லேட் மார்க், ஹாஃப் டே கட் என்று சம்பளத்தில் தெரியும். எங்கள் பட்டு செக்‌ஷனில் மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்தான் விட்டார்கள். வரிசையில் நின்று தட்டு வாங்கவே பாதி நேரம் போய்விடும். செக்‌ஷனில் இருந்த எல்லோரும் சேர்ந்து ஃப்ளோர் மேனேஜரிடம் போனோம். கத்தவில்லை, சண்டை போடவில்லை. "அரை மணி நேரம் முழுசா வேணும் சார், பாதிப் பேர் போனா பாதிப் பேர் கவுண்டர்ல நிப்போம், கஸ்டமர் காத்திருக்க மாட்டாங்க" என்றோம். இரண்டு நாள் முறைத்தார், அப்புறம் அரை மணி நேரம் விட்டார். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனால் சேர்ந்து போனதால்தான் அதுவாவது கிடைத்தது.

உட்காருவதற்கு நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் வந்ததே, அதைப் பற்றியும் யாராவது விவரமாகச் சொல்லுங்கள். எங்கள் செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. மேலே கேமரா இருப்பதால் அதில் யாரும் உட்காருவதில்லை.


திருச்சி சங்கத்துக்காரர்:

நாற்காலிச் சட்டம் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இல் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. எல்லா ஊழியர்களுக்கும் என்றுதான் இருக்கிறது, செக்‌ஷனுக்கு ஒன்று என்று இல்லை. நமக்கு முன்பே 2018-இல் கேரளாவில் வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் வருடக்கணக்காகப் போராடிக் கிடைத்தது அது. தையல் வேலை செய்துவந்த விஜி என்பவர் முன்னே நின்றார். "பெண்கூட்டு" என்று அமைப்பு வைத்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அதை வாங்கிய பிறகுதான் நாற்காலிக்கு வந்தார்கள். தம்பி, நீங்கள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்ததும் அப்படித்தான். ஆனால் அரை மணியோடு நின்றுவிடாதீர்கள். நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர இடைவேளை என்பது சட்டத்தில் இருப்பது.

பீளமேட்டுத் தங்கைக்கு வருகிறேன். அதே 1947 சட்டத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. எட்டுக்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். உங்கள் 12,000-ஐ 26 நாளால் வகுத்து, எட்டால் வகுத்தால் மணிக்குச் சுமார் 58 ரூபாய். ஓ.டி. என்றால் 115. கல்லா எண்ணும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு 86 ரூபாய் தர வேண்டும். ஒரு பைசா தருவதில்லை, ஆட்டோவுக்கு உங்கள் கையிலிருந்து 150 போகிறது. அதாவது க்ளோசிங் போட்ட நாளில் நீங்கள்தான் கடைக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறீர்கள். சம்பளம் குறைவு, நேரம் அதிகம் என்று இரண்டு குறையாகச் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். எழுதாத ஒவ்வொரு மணி நேரமும் அந்த 58-ஐ இன்னும் கீழே இழுக்கிறது.

முக்கியமான ஒன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தது. 2022-இலும் 2025-இலும் நீட்டித்தார்கள். கடை முதலாளிகள் கேட்டு வாங்கிய ஆணைதான். ஆனால் அதில் நிபந்தனைகள் இருக்கின்றன. பெண் ஊழியர்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாங்குவதானால் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பு தர வேண்டும், ஷிப்டில் வரும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும், யார் யாருக்கு அன்று விடுமுறை என்று கடையில் எழுதி வைக்க வேண்டும்.

இப்போது அந்தத் தாளை மறுபடி படியுங்கள். "எந்த ஷிப்டிலும் சம்மதம்." அந்த எழுத்துப்பூர்வமான சம்மதத்தைத்தான் உங்களிடம் வாங்கப் பார்க்கிறார்கள். அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.


ஈரோடு கடைக்காரர்:

நான் முதலாளி பக்கம். மளிகையும் பாத்திரமும் சேர்ந்த கடை, ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள்.

எங்கள் வியாபாரத்தில் பாதி மாலை ஆறு முதல் ஒன்பது வரைதான். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். எல்லோரும் பகல் ஷிப்ட்தான் வேண்டும் என்றால் கடையை யார் பார்ப்பது? தீபாவளிக்கு முந்தின வாரம் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஊருக்குப் போய்விட்டால் நானும் என் மனைவியும்தான் நிற்கிறோம்.

அதற்காக அந்தத் தாள் சரி என்று சொல்லவில்லை. எங்கள் கடையில் மாலை ஷிப்ட் யாருக்கு வேண்டும் என்று முதலில் கேட்டுவிடுவேன். காலையில் வேறு வேலைக்குப் போகும் இரண்டு பையன்களுக்கு மாலைதான் வசதி. க்ளோசிங்கில் நிற்பவருக்கு நாளுக்கு 100 ரூபாய் தனியாகத் தருகிறேன். ரோஸ்டர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மாதம் பிறந்தால் காலண்டரில் எழுதி ஒட்டிவிடுவேன். ஆள் நிற்கிறார்கள். புது ஆளைத் தேடிப் பிடித்துப் பழக்குவதைவிட இது எனக்கு மலிவு.

ஒரே ஒரு வேண்டுகோள். முதல் நாளே பிரிவு எண், அரசாணை என்று போய் நிற்காதீர்கள். எந்த முதலாளிக்கும் சுருக்கென்று இருக்கும். முதலில் பேசிப் பாருங்கள்.


திருச்சி சங்கத்துக்காரர்:

கடைக்காரர் ஐயா, உங்கள் கடை மாதிரி எல்லாக் கடையும் இருந்தால் இந்தத் தங்கை இங்கே எழுதியிருக்கவே மாட்டார். பேசிப் பார்க்கச் சொல்கிறீர்கள். இன்டர்வியூவிலேயே பேசினாரே, "பார்த்துக்கலாம்மா" என்றுதானே பதில் வந்தது. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் கடையில் மேனேஜரே சம்பளக்காரர். மாலைக்கு 100 ரூபாய் கூடத் தர அவருக்கு அதிகாரம் இருக்காது. ஹெட் ஆபீஸ் கேட்டால் காட்டுவதற்கு அவர் கையில் ஒரு காகிதம் வேண்டும். எழுத்தில் கொடுப்பது அந்த மேனேஜருக்கும் உதவிதான்.

பிரிவு எண் வேண்டாம் என்பது மட்டும் சரி. அது நம் மனதில் இருந்தால் போதும். கடிதத்தில் நேரம் மட்டும் இருக்கட்டும்.


குவீன்ஸ்வாசி:

நியூயார்க்கில் ஒரு துணிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். இங்கே வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே ஒரு கட்டம் போட்ட தாள் தருவார்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை எந்தெந்த மணி நேரம் வர முடியும் என்று நாமே நிரப்ப வேண்டும். நிறையக் கட்டத்தை நிரப்பினால்தான் வேலை கிடைக்கும் என்று பயந்து எல்லாவற்றையும் டிக் அடித்துவிடுவார்கள். அப்புறம் மாட்டிக்கொள்வார்கள். ஊர் மாறினாலும் தாள் மாறவில்லை.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. 2017 நவம்பரிலிருந்து நகரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் சில்லறைக் கடைகள் 72 மணி நேரம் முன்னதாக ரோஸ்டரைக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் புதிதாக ஷிப்ட் சேர்ப்பதானால் ஊழியர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஷிப்டை ரத்து செய்யவும் கூடாது. "கூப்பிட்டால் வர ரெடியாக இரு" என்று வீட்டில் உட்காரவைக்கவும் கூடாது. ஓரிகன் மாநிலத்தில் பெரிய நிறுவனங்கள் இரண்டு வாரம் முன்பே கொடுக்க வேண்டும். இந்தச் சட்டம் வந்ததால் இங்கே எந்தக் கடையும் மூடியதாக நான் கேள்விப்படவில்லை. கம்ப்யூட்டரில்தான் ரோஸ்டர் போடுகிறார்கள், முந்தின நாள் இரவு போடுவதை மூன்று நாள் முன்பு போட்டால் என்ன குறைந்துவிடும்? நம் ஊரில் அப்படி ஒன்று இல்லையா?


திருச்சி சங்கத்துக்காரர்:

எத்தனை நாள் முன்னால் ரோஸ்டர் என்று கடைகள் சட்டத்தில் இல்லை. நம் சட்டம் எத்தனை மணி நேரம் என்று பார்க்கிறதே தவிர, அதை எப்போது சொல்ல வேண்டும் என்று பார்ப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பணி நேரம், இடைவேளை, ஷிப்ட் முறை இவற்றைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே இருக்கிறது. ஒன்பது மணிக்கு என்று பேசி எடுத்துவிட்டு ஒரே ராத்திரியில் மாற்றுவதைக் கேள்வி கேட்க இது உதவும்.


பீளமேட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. முக்கால் மணி நேரத்துக்கு 86 ரூபாய் என்ற கணக்கைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை.

கடிதம் ஒன்று எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு என்பதாலும், குழந்தை சிறியவள் என்பதாலும், முடிந்தவரை எனக்குப் பகல் ஷிப்ட் ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவசரத் தேவை என்றால் க்ளோசிங் பார்க்கவும் தயாராக இருக்கிறேன்."


முன்னாள் ஃப்ளோர் இன்சார்ஜ்:

சகோதரி, இதில் மூன்று இடத்தை மாற்ற வேண்டும்.

"மன்னிக்கவும்" வேண்டாம். பேசிச் சேர்ந்த நேரத்தைத்தான் கேட்கிறீர்கள். "முடிந்தவரை" வேண்டாம், அது இருந்தால் ரோஸ்டர் போடுகிறவருக்கு எப்போதுமே முடியாது. "அவசரத் தேவை என்றால்" கட்டாயம் வேண்டாம். ஆள் குறைவாக இருக்கும் கிளையில் தினமும் அவசரம்தான். அந்த ஒரு வரி இருந்தால் மற்ற வரிகளுக்கு வேலையே இல்லை.

அதற்குப் பதிலாக உங்களால் உண்மையிலேயே தர முடிந்த ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஞாயிறு பகலில் வர முடியுமா? காலை 7 மணி ஓப்பனிங் முடியுமா? ஓப்பனிங்குக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், அதை எழுதினால் மேனேஜருக்கு உங்கள் கடிதத்தில் தனக்கும் ஏதோ இருக்கிறது என்று தெரியும்.


பீளமேட்டுக்காரி:

ஞாயிறு வர முடியும், அன்று தம்பி வீட்டில் இருப்பான். ஓப்பனிங்கும் முடியும், ஏழு மணிக்குக் கடைக்கு வந்து சேர பஸ் இருக்கிறது. மாற்றி எழுதியது இது:

"மேலாளர் அவர்களுக்கு, காலை 9 முதல் மாலை 6 வரை என்ற பணி நேரத்துக்குப் பேசி வேலையில் சேர்ந்தேன். வாரத்தில் ஆறு நாளும், ஞாயிறு உட்பட, காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் வரும் எட்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்வேன். ஓப்பனிங் ஷிப்டும் பார்ப்பேன். இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்ய எனக்குச் சம்மதம் இல்லை. என் வார விடுமுறை செவ்வாய். அதை மாற்றுவதானால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லி, மாற்று நாளையும் அப்போதே குறித்துத் தரவும். தாங்கள் கொடுத்த சம்மதப் படிவத்தில் இந்த நேரங்களைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டு இத்துடன் இணைத்துள்ளேன்."


முன்னாள் ஃப்ளோர் இன்சார்ஜ்:

இது போதும். இதைவிடக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். படிவத்தில் "எந்த ஷிப்டிலும்" என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் உங்கள் நேரத்தை எழுதி, அடித்த இடத்திலும் கையெழுத்துப் போடுங்கள். கொடுப்பதற்கு முன் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்துவிட்டு, அன்றே வாட்ஸப்பில் "இன்று கடிதம் கொடுத்திருக்கிறேன் சார்" என்று படத்தோடு மேனேஜருக்கு அனுப்பிவிடுங்கள். குரூப்பில் போடாதீர்கள், அவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தியது மாதிரி ஆகிவிடும்.


கல்லூரி விட்டதும் பார்ட் டைம்:

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். பி.காம். படித்துக்கொண்டே மாலையில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். பேசியது மாலை 5 முதல் 9 வரை. செமஸ்டர் பரீட்சை நாளிலும் பகலில் வரச் சொல்கிறார்கள். போகவில்லை என்றால் "நின்னுக்கோ, இந்த மாசச் சம்பளம் கிடையாது" என்கிறார் சூப்பர்வைசர். போன மாதம் ஒரு ஜோடி செருப்பு காணவில்லை என்று 900 ரூபாய் பிடித்தார்கள். நான் அன்று கவுண்டரிலேயே இல்லை. ஒரிஜினல் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. நானும் ஏதாவது செய்ய முடியுமா, அல்லது நாங்கள் எல்லாம் இதில் சேர்த்தியே இல்லையா?


விளக்குத்தூண் சேல்ஸ்:

தம்பி, முதலில் மார்க் ஷீட்டை வாங்கு. வேலையை விடுகிறேன் என்று மூச்சு விடாதே. "காலேஜில் வெரிஃபிகேஷனுக்கு ஒரிஜினல் கேட்கிறார்கள்" என்று சொல்லி வாங்கிவிடு. பரீட்சை நேரத்தில் காலேஜில் கேட்பது வழக்கம்தான். எங்கள் விடுதியில் இரண்டு பேர் சர்டிஃபிகேட் மாட்டிக்கொண்டதாலேயே ஊருக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். அது உன் கையில் இல்லாதவரை நீ எந்த நேரத்தையும் சொல்ல முடியாது. பரீட்சையை மட்டும் விட்டுவிடாதே தம்பி.


திருச்சி சங்கத்துக்காரர்:

மாலை நாலு மணி நேரம் வேலை பார்த்தாலும் நீங்கள் தொழிலாளர்தான் தம்பி. செய்த வேலைக்குச் சம்பளத்தை யாரும் நிறுத்திவைக்க முடியாது. வேலையை விட்டாலும் சரி, நிறுத்தினாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடித்துச் சம்பளம் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பொருள் காணவில்லை என்று பிடிப்பதானால், அது உங்கள் பொறுப்பில் இருந்த பொருளாகவும், உங்கள் கவனக்குறைவால் போனதாகவும் இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். கவுண்டரில் இல்லாத நாளைக்குப் பிடித்தது தவறு. அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு கல்லூரி வருகைப் பதிவு மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். உங்கள் ஊர் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வக்கீல் தேவையில்லை, செலவும் இல்லை.

சர்டிஃபிகேட் விஷயத்தில் மதுரைத் தம்பி சொன்ன வரிசை சரி. முதலில் அதை வாங்குங்கள், பிறகு மனு.


பீளமேட்டுக்காரி:

என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

கடிதத்தைக் கொடுத்ததும் மேனேஜர் படித்தார். "யாரும்மா எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். நானே எழுதியது சார் என்றேன். "இப்படி எல்லாரும் கொடுத்தா நான் கடையை எப்படி நடத்துறது" என்றார். நான் பதில் சொல்லவில்லை, நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் ஹெட் ஆபீஸுக்கு அனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் ரோஸ்டரில் மறுபடியும் வெள்ளிக்கிழமை க்ளோசிங் போட்டிருந்தார். "சார், என் கடிதத்தில் உள்ள நேரம் மாலை 7 வரை. வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு வரட்டுமா, 9 மணிக்கு வரட்டுமா?" என்று தனியாக மெசேஜ் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து "7" என்று மட்டும் பதில் வந்தது. அதிலிருந்து எனக்கு ஓப்பனிங்தான். ஞாயிறு தவறாமல் போடுகிறார்கள், அது நான் சொன்னதுதான்.

நடக்காதவையும் இருக்கின்றன. பழைய செவ்வாய்க்கு ஈடான நாளைத் தரவில்லை. இன்சென்டிவ் இந்த மாதம் எனக்கு வரவில்லை, காரணம் கேட்டதற்கு "டார்கெட்" என்றார்கள். சம்பளம் அதே 12,000. ஆனால் மாலை ஆறு மணிக்குள் வீட்டில் இருக்கிறேன், ஆட்டோ காசு மிச்சம். கூட வேலை பார்க்கும் இரண்டு அக்கா என்னிடம் கடிதத்தின் போட்டோவைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்ட பிறகு மாற்ற முடியுமா?


திருச்சி சங்கத்துக்காரர்:

முடியும். "இன்ன தேதியில் நான் கொடுத்த சம்மதத்தை, இரவு 8 மணிக்கு மேல் வேலை செய்வதைப் பொறுத்தவரை, இன்று முதல் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சம்மதம் என்பது ஒரு முறை கொடுத்தால் காலமெல்லாம் கட்டிப்போடுகிற சங்கிலி அல்ல. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நிறுத்த முடியாது என்று கடைகள் சட்டம் 41-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த அக்காவிடம் அதையும் சொல்லுங்கள், தைரியமாக இருக்கும். இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

சம்பளத்துக்கு இனிமேல்தான் வழி பார்க்க வேண்டும். கடைகள், வணிக நிறுவனங்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று மாறும். தொழிலாளர் அலுவலகத்தில் அந்தப் பட்டியலின் நகலை வாங்கி, உங்கள் வேலைப் பெயருக்கு நேரே உள்ள தொகையோடு உங்கள் சம்பளச் சீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்தால் அதையும் எழுதிக் கேட்கலாம்.


முன்னாள் ஃப்ளோர் இன்சார்ஜ்:

அதோடு ஒரு சின்ன நோட்டு வாங்கி இன்றிலிருந்தே எழுதுங்கள் சகோதரி. தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அவ்வளவுதான். சில கடையில் பயோமெட்ரிக்கில் அவுட் வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி கவுண்டருக்குக் கூப்பிடுவார்கள். அப்படி நடந்தால் யார் கூப்பிட்டது என்றும் எழுதுங்கள். அந்த இரண்டு அக்காவிடமும் சொல்லுங்கள். ஓ.டி. கேட்டுப் போகும்போது மூன்று நோட்டிலும் ஒரே நேரம் இருந்தால் ஆய்வாளர் கடைப் பதிவேட்டைத்தான் அடுத்துத் திறந்து பார்ப்பார்.